நுரை இறக்கையும் அதன் உறையும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. மக்களைப்பற்றிய வரையில் இம்மொழி எத்துணை உண்மையுடைத்து என்பதை ஆராய யாம் ஈண்டுப் புகுந்திலேம். ஆயின், நுரைப்பொருளினின்று அறுத்தெடுக்கப்பட்ட மாதிரி விமான இறக்கையைப்பற்றிய வரையில் இப்பழமொழி குறைத்துக் கூறியதேயன்றி மிகைப்படக் கூறியதன்று. அவ்விறக்கைக்கு ஆடை பாதிக்கும் மேற்பட்டதாகும். ஆடையின்றி நிற்கும் நுரை இறக்கை காற்றிற் பறத்தற்கு உரியதன்று. கண்ணாடிப் பாத்திரங்கள் உடையாவண்ணம் பெட்டிக்குள் அணைகொடுத்தற்கே உரியது. அவ்வாடை எற்றுக்கு, எவ்வகை நுரைக்கு எவ்வகை ஆடை பொருந்தும், உடுத்தியபின் அதனை மெருகிடுவது எங்ஙனம் என்பனவற்றை ஒருசிறிது விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழி பயிலும் மாணவர் இப்பொருளிற் கைவைத்தல் ஏன் எனச் சிலர் வினவலாம். கைத்தொழில் ஒவ்வொன்றும் தனக்கெனச் சில சொற்களை உடையது. தச்சரது இழைப்புளியும், வண்ணம் பூசுவாரது பட்டியும், துணி தேய்ப்பாரது இஸ்திரிப் பெட்டியும் இவ்வொரு வேலையில் ஒருங்கே வந்து கூடுகின்றன. ஆதலின் விமானம் மேனாட்டார் கண்டதாயினும், அதன் உறையைப்பற்றித் தமிழிலேயே பேசி முடிக்கலாம் என்பது எம் துணிபு.

இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று என்பதையும் முதற்கண் கூறிவிடுதல் வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள மாதிரி விமானம் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்திற் செல்லுதல் எளிது. அவ்வேகம், ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்தினின்று விழும் கல் தரையைத் தொடுங்கால் அடையும் வேகத்தை ஒக்கும். இறக்கை நடுவானில் மடிந்துவிடின், ஓட்டுபவர் கையிலுள்ள கருவியால் ஆவது ஒன்றுமில்லை. அவ்வெடை எங்கு வீழும் என்பது காற்றின் விருப்பத்தைப் பொறுத்தது. மைதானத்தில் வேடிக்கை பார்த்து நிற்கும் சிறுவர் தலைக்கும் அவ்விமானத்திற்கும் இடையே நிற்பது, காகிதக் கனமுள்ள ஓர் உறையே என்று கூறினும் இழுக்காது.

இனி, நுரையின் இயல்பை நோக்குவாம். மாதிரி விமானம் செய்வோர் கையாளும் நுரைகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, நம் கடைத்தெருக்களில் தெர்மாகோல் என்று பெயர்பெற்று விளங்கும் வெண்ணிறப் பலகை. இது பாலிஸ்டைரீன் என்னும் பொருளின் சிறு மணிகளை நீராவியால் பொரியச்செய்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஆக்கப்பட்டது. நெல் பொரிந்து பொரியாவதை ஒப்ப இம்மணிகள் பலமடங்கு பருக்கின்றன. ஜெர்மனி தேசத்து பாஸ்ப் என்னும் கம்பெனியார் 1950-ஆம் ஆண்டை ஒட்டி இம்முறையைக் கண்டு வெளியிட்டனர். இப்பலகையின் ஒரு கன மீட்டர் 16 கிலோ அளவே எடையுடையது; அதன் பரிமாணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றேயாகும். இரண்டாவது, அதே பாலிஸ்டைரீனை உருக்கி, வாயுவைக் கலந்து, அச்சுவாயிலினின்று பிதுக்கி எடுக்கும் பலகை. இதில் மணிகள் இல்லை; நுண்ணிய அறைகள் நெருங்கிக் கிடக்கும். நீலம், இளஞ்சிவப்பு முதலிய நிறங்களில் வருவது. வெண்பலகையினும் எடையும் உறுதியும் மிக்கது. மூன்றாவது பாலிப்ரொபிலீன் என்னும் பொருளின் நுரை. இது மணிகளால் ஆயதாயினும், இரப்பரைப்போல் வளைந்து மீளும் இயல்பினது. சுவரில் மோதினும் முன்னைய உருவை அடையும். ஆயின் விறைப்பு என்பது அதனிடம் சிறிதும் இல்லை.

மெய்யெழுத்துத் தானே தனித்து இயங்காது, உயிரொடு கூடியே இயங்கும் என்று நாம் இளமையிற் கற்றோம். நுரையின் நிலையும் அதுவே. இறக்கை காற்றிற் செல்லுங்கால் அதன் இரு நுனிகளும் மேல்நோக்கி வளைய முயல்கின்றன. நடுவில் உடலின் எடை கீழ்நோக்கி இழுக்கின்றது. அப்பொழுது இறக்கையின் மேற்புறம் நெருக்குண்கின்றது; கீழ்ப்புறம் இழுபடுகின்றது. மணிமணியாய் ஒட்டிய வெண்ணுரை இழுப்பைத் தாங்காது. மணிகள் பிரிந்து, பிட்டுப்போல் உதிர்ந்து வெடிக்கும். அதன்மேல் மெல்லிய தாளொன்றை உறுதியாக ஒட்டிவிடின் நிலைமை முற்றிலும் மாறுகின்றது. இழுப்பைத் தாளே ஏற்கின்றது. மேற்புறத்துத் தாளோ, நெருக்குண்டு மடங்க முயலுமிடத்து, அடியிலுள்ள நுரை அதனை மடங்கவிடாது தாங்கிப் பிடிக்கின்றது. ஆக, வலிமை உறையினுடையது. அவ்வுறைகள் இரண்டும் ஒன்றைவிட்டொன்று விலகி நிற்கச் செய்யும் பணியே நுரையினுடையது. உறை அதுவேயாக, அவற்றிடையுள்ள தூரம் மட்டும் இரட்டிப்பின், வளையாமையாகிய விறைப்பு நான்கு மடங்காகும். பருத்த இறக்கைக்கு மெல்லுறை போதும் என்பதும், மெலிந்த இறக்கைக்கு வல்லுறை வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இந்நெறி விளையாட்டுப் பொருள்களுக்கு மட்டும் உரியதன்று. 1940 நவம்பரில் முதன்முறை பறந்த இங்கிலாந்து தேசத்து மஸ்கிடோ என்னும் போர்விமானத்தின் உடல், பர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டனிடையே எடையற்ற பால்ஸா மரத்தை வைத்து ஆக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நாட்டில் பர்ட் ருட்டான் என்பார் பறக்கவிட்ட வேரி-ஈஸி என்னும் விமானமோ நம் பொருளுக்கு இன்னும் அணித்தானது. இருவர் அமர்ந்து செல்லும் அவ்விமானத்தின் இறக்கை, நுரைப்பலகையைச் சூடேறிய கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி என்னும் பிசினால் ஒட்டிச் செய்யப்பட்டதேயாம். மாதிரி விமானம் செய்யும் மாணவன் தன் மேசைமீது செய்வதும், மனிதரைச் சுமந்த அவ்விமானத்திற்குச் செய்ததும் அளவால் வேறேயன்றி முறையால் வேறல்ல.

உறையின் இரண்டாம் பயன் காற்று வழுவழுப்பாக ஓடுதற்கு இடந்தருதல். ஆயினும் இதனைப்பற்றி ஒரு தப்பெண்ணம் பலரிடை உலவுகின்றது. கண்ணாடிபோல் மின்னும் இறக்கையே நன்கு பறக்கும் என அவர் கருதுவர். பெரிய விமானங்களுக்கு அஃது ஒருவாறு பொருந்தலாம். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறிய இறக்கை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்திற் செல்லுங்கால், காற்றோட்டத்தின் தன்மையை அளக்கும் ரெய்னால்ட்ஸ் எண் ஒன்றேகால் இலட்சத்தைச் சற்றே கடந்து நிற்கும். அத்தகைய மெல்லோட்டத்தில் வழுவழுப்பான மேற்பரப்பினின்று காற்று முன்னதாகவே பிரிந்து அகன்றுவிடுதலும் உண்டு. ஜெர்மானியராகிய எப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் என்பார் 1942-இல் வெளியிட்ட நூலில் மாதிரி விமான இறக்கைகளின் இவ்வியல்பை ஆராய்ந்துள்ளார். முன்விளிம்பை அடுத்து ஒரு நூலை வேண்டுமென்றே ஒட்டிக் காற்றைச் சிறிது கலக்கிவிடுவாரும் உளர். ஆதலின் மினுமினுப்பிற்காக இரவு பகலாய்த் தேய்ப்பதினும், முன்விளிம்பின் வளைவு நுனிமுதல் அடிவரை ஒருபடித்தாக உள்ளதா, பின்விளிம்பு நேராகவும் மெல்லியதாகவும் உள்ளதா என நோக்குதலே அறிவுடைமை. பள்ளமும் மேடும் பொறுக்கத்தக்கன. உருவம் பிறழ்தல் பொறுக்கத்தக்கதன்று.

எடையைப்பற்றிய கணக்கொன்றை இங்கே போட்டுப்பார்ப்பது நலம். இரு நுனிகளுக்கிடையே 1.2 மீட்டரும், அகலம் 20 சென்டிமீட்டரும், பருமை அகலத்தில் எட்டில் ஒரு பங்கும் உடைய இறக்கையை எடுத்துக்கொள்வோம். வெண்ணுரையால் ஆகிய அதன் உட்பகுதி ஏறக்குறைய 60 கிராமே நிறுக்கும். மேலும் கீழுமாக உறையிடவேண்டிய பரப்போ அரைச் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 25 கிராம் உள்ள கண்ணாடித் துணியும் அதற்கொத்த எடைப் பிசினும் சேர்த்தால் 25 கிராம் ஏறும். சூட்டில் ஒட்டும் வண்ணப்படலம் 30 கிராம். 80 கிராம் பழுப்புத்தாள் பசை நீங்கலாக 40 கிராம். ஒன்றரை மில்லிமீட்டர் பால்ஸாத் தகடு பசை நீங்கலாகவே 100 கிராமை எட்டும். அஃதாவது, உடலினும் உடை கனத்துவிடுகின்றது! ஒரு தூரிகை மிகுதியாய்ப் பூசும் பசையும், ஒருமுறை மிகுதியாய் அடிக்கும் வண்ணமும் இங்கே கணக்கில் வந்து நிற்கும். தராசு ஒன்றைப் பக்கத்தே வைத்துக்கொள்ளாது இவ்வேலையைத் தொடங்குதல், அளவுகோலின்றித் துணி வெட்டப் புகுந்த தையற்காரன் செயலை ஒக்கும்.

நிற்க. உறையிடுதற்கு முன்னர்ச் செய்யவேண்டுவன சில உள. மின்சாரத்தாற் சூடேறும் நிக்ரோம் கம்பியால் இறக்கையை அறுத்தெடுத்தபின், மேலும் கீழும் எஞ்சிய நுரைத்துண்டுகளைக் குப்பையில் எறிதல் பெருந்தவறு. அவை இறக்கையின் வடிவுக்கே அமைந்த தொட்டில்கள். பின்னர்ப் பசை உலருங்கால் இறக்கையைத் திருகாது பிடித்து நிற்பவை அவையே. அறுத்த பரப்பில் கம்பி நின்று நின்று சென்ற வரிகளும், உருகிய நூல்களும் இருக்கும். நீண்ட நேரான மரத்துண்டில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, கையழுத்தம் கொடாது, அக்கட்டையின் எடையாலேயே தேய்த்தல் வேண்டும். விரலாற் பிடித்த உப்புத்தாள் மணிகளைப் பிடுங்கிக் குழிசெய்யும். குழிகளை நிரப்ப, சுவருக்குப் பட்டி பார்ப்போர் கைக்கொள்ளும் கனத்த பட்டி உதவாது. தொட்டால் பஞ்சுபோன்ற எடையற்ற நீர்ப்பட்டியே தக்கது. அதுவும் குழியை நிரப்பும் அளவே, பரப்பெங்கும் பூசலாகாது. பின்னர் முன்விளிம்பில் மரச்சட்டம் ஒட்டி, இழைப்புளியால் உருவமைத்து, நடுத்தண்டுக்கு வேண்டிய மரமோ கரி இழைக் குழாயோ பதித்துக்கொள்ளுதல் முறை. இறுதியாகத் தூசியை முற்றும் துடைத்தல் வேண்டும். நுரைத்தூள்மேல் ஒட்டிய தாள் நுரையில் ஒட்டியதன்று, தூளில் ஒட்டியதே.

இனிப் பகைவர் யாவர் என்பதை அறிதல் வேண்டும். பாலிஸ்டைரீனுக்குப் பெட்ரோலும், அசிட்டோனும், வண்ணத்தில் கலக்கும் தின்னரும் கொடிய நஞ்சு. ஒரு துளி விழின், வெந்நீர் பட்ட சர்க்கரைபோல் நுரை கரைந்து குழிந்துவிடும். நொடியில் ஒட்டும் சயனோ வகைப் பசைகளில் சாதாரணமானவையும் அதனை அரிக்கும். நுரைக்கெனவே செய்யப்பட்டவை வேறு உள. கண்ணாடித் துணிக்குப் படகு செய்வோர் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பிசினிலும் நுரையைக் கரைக்கும் ஸ்டைரீன் கலந்துள்ளது. எப்பாக்ஸியோ தீங்கு செய்யாது. பழைய விமானங்களின் துணியுறையை இறுக்கப் பூசிய டோப் என்னும் வார்னிஷும் இங்கே ஆகாது. இவற்றுள் மிக வஞ்சகமானது பெட்ரோல் எஞ்சினினின்று கசியும் எண்ணெய். உறையில் ஊசித்துளை ஒன்றிருப்பினும் அது உட்புகுந்து நுரையைத் தின்றுவிடும். வெளித்தோற்றம் சிறிதும் மாறாது. தட்டிப்பார்த்தால் பழுத்த பூசணிபோல் ஓசை மாறுதலே அதற்கு அடையாளம். பாலிப்ரொபிலீன் நுரைக்கு இவ்வச்சம் பெரும்பாலும் இல்லை.

உறைகளுள் யாம் முதற்கண் கூற விரும்புவது தாளுறை. மாணவர் கைக்கு எட்டும் விலையில் இதனை வெல்வது பிறிதில்லை. பள்ளித் திறப்பன்று பாடப்புத்தகங்களுக்கு அட்டைபோடும் பழுப்புத்தாளே போதுமானது. தச்சர் வழங்கும் வெள்ளைப்பசையே பசை. முதலில் தாளின் இழையோட்டத்தை அறிதல் வேண்டும். சிறு துண்டொன்றின் ஒரு பக்கத்தை நீரால் நனைத்தால் அது குழல்போற் சுருளும். அக்குழலின் நீளம் எத்திசையோ அதுவே இழைகள் ஓடும் திசை. அத்திசை இறக்கையின் நீளத்தோடு ஒத்துச் செல்லுமாறு தாளை வெட்டல் வேண்டும், இழுப்பைத் தாங்குவன அவ்விழைகளே ஆதலின். தாளைச் சிறிது ஈரமாக்கி, நீர்கலந்து இளக்கிய பசையை மெல்லெனப் பூசி, கீழ்ப்புறத்தில் முதலிற் படிய வைத்து, நடுவினின்று விளிம்புநோக்கி அட்டைத்துண்டால் காற்றையும் மிகுபசையையும் தள்ளிவிடல் வேண்டும். பின்னர் உடனேயே மேற்புறத்துத் தாளை ஒட்டி, முன்விளிம்பைச் சுற்றி ஒரு விரலளவு கீழே மடித்துவிடல் வேண்டும்.

"உடனேயே" என்ற சொல்லை யாம் அழுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. ஈரத்தாள் உலருங்கால் சுருங்கும். ஒருபக்கம் மட்டும் ஒட்டி உலரவிட்டால் அது இறக்கையை வில்போல் வளைத்துவிடும். பின்னர் மறுபக்கம் ஒட்டினும் அவ்வளைவு முற்றும் நீங்காது. இருபக்கமும் ஒருங்கே உலரின் ஒன்றன் இழுப்பை மற்றொன்று ஈடுசெய்யும்; அன்றியும் அவ்விழுப்பே தாளை முழவின் தோல்போல் இறுக்கி விறைப்பூட்டும். ஒட்டி முடிந்ததும் இறக்கையை அதன் நுரைத்தொட்டில்களிடையே வைத்து, சமமான மேசைமீது கிடத்தி, மேலே புத்தகங்களைப் பரவலாக அடுக்கி ஒருநாளேனும் இருக்கவிடல் வேண்டும். தொட்டிலுக்கும் ஈரத்தாளுக்கும் இடையே பிளாஸ்டிக் படலமொன்றை விரியாவிடின் தொட்டிலும் இறக்கையும் ஒன்றாய்விடும். இப்படலத்தால் ஈரம் வெளியேறுதல் தாமதமாகும் ஆதலின், சிலமணி நேரத்திற்கொருமுறை திறந்து காற்றாட விட்டு மீண்டும் அடுக்குதல் நன்று. நுனிப்பகுதியைப் பின்விளிம்பு சிறிது உயர்ந்திருக்குமாறு இரண்டொரு பாகை திருகி வைக்க விரும்புவோர், தொட்டிலின் கீழ் நுனியோரத்தில் அதற்கேற்ற மரச்சீவலை வைத்து இப்பொழுதே அதனைச் செய்துகொள்ளல் வேண்டும். அத்திருகல் வேகங்குறையுங்கால் நுனி முதலிற் சரிந்து கவிழாவண்ணம் காப்பது. உலர்ந்தபின் இறக்கை எவ்வடிவில் உள்ளதோ அவ்வடிவே அதற்கு நிலையானது. உலர்ந்த தாள்மேல் நீரில் கலக்கும் வார்னிஷை இருமுறை மெல்லப் பூசினால் ஈரத்தினின்று காவலும் ஆயிற்று.

பாலிப்ரொபிலீன் நுரைக்குத் தாள் ஆகாது. அது வளையுமிடத்துத் தாள் கிழியும். அதற்கு ஒட்டுநாடாவே உரிய ஆடை. தெளிக்கும் பசையை மெல்லிய பனிபோல் அடித்து, அது கையில் ஒட்டாது பிசுபிசுக்கும் நிலையில், கண்ணாடி இழைகள் ஓடும் நாடாவை இறக்கையின் நீளத்திலும் குறுக்குச்சாய்விலும் ஒட்டி, அதன்மேல் பெட்டிகளை ஒட்டும் வண்ண நாடாவைப் பின்விளிம்பினின்று தொடங்கி முன்நோக்கி ஒட்டிவரின், ஓடுகள் வேய்ந்தாற்போல ஒவ்வொரு மடிப்பும் காற்றுக்கு எதிராகாது நிற்கும். நாடாவை இழுத்துப் பிடித்து ஒட்டுதல் கூடாது. இழுத்த பக்கத்திற்கு இறக்கை வளையும். ஒன்றையொன்று வானில் மோதி வீழ்த்தும் போட்டிகளுக்கான விமானங்கள் பெரும்பாலும் இவ்வாறு செய்யப்படுவனவே. அழகு சிறிதே; ஆயுள் பெரிது.

சூட்டில் ஒட்டும் படலத்தின் முறை வேறு. இதன் ஒருபக்கம் உலர்ந்த பசை பூசப்பட்டிருக்கும். இஸ்திரிப் பெட்டி பட்டதும் பசை இளகி ஒட்டும். வெம்மை ஏற ஏறப் படலம் சுருங்கி இறுகும். இடர் யாதெனில், பாலிஸ்டைரீன் செல்ஸியஸ் 100 பாகையை ஒட்டியே இளகத் தொடங்குவது. படலங்களுட் சிலவோ நன்கு சுருங்குதற்கு 150 பாகையை ஒட்டிய வெம்மையை வேண்டுவன. ஆகவே குறைந்த வெம்மையில் ஒட்டும் வகையைத் தேர்ந்து, வெட்டி எஞ்சிய நுரைத்துண்டில் முதலிற் சோதித்து, பெட்டியின் திருகியை அவ்வெம்மைக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளல் வேண்டும். கீழ்ப்புறம் முதலிலும் மேற்புறம் பின்னரும் ஒட்டுதல் இங்கும் முறை. மடிப்பு கீழே மறையும் ஆதலின். ஒன்று கருதத்தக்கது: இப்படலம் இழுப்பைச் சிறிதே தாங்கும், வளையாமையைப் பெரிதும் தராது. நடுத்தண்டு வலிதாயுள்ள இறக்கைக்கே இது தக்கது. 1979 ஜூன் 12-ஆம் நாள் மனிதன் காலால் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த காஸமர் அல்பட்ராஸ் விமானத்தில், விலாக்கள் பாலிஸ்டைரீன் நுரையாலும் போர்வை மெல்லிய பாலியெஸ்டர் படலத்தாலும் ஆயின. ஆயின் வளைவைத் தாங்கியது கரி இழைக் குழாயே.

மரத்தகடு பொதிதலைப்பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. பால்ஸாத் தகடுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒரே விரிப்பாக்கி, எப்பாக்ஸியையோ நீர்வகைப் பசையையோ மெல்லப் பூசித் தொட்டிலில் அழுத்திவைப்பர். உறுதியில் இதற்கு நிகர் சிலவே. எடையில் இதற்கு மிஞ்சியதும் சிலவே.

கண்ணாடித் துணியோ கைத்திறனைச் சோதிக்கும் ஆடை. துணியை உலர்ந்த நிலையிலேயே இறக்கைமேல் விரித்துச் சுருக்கம் நீக்கி, எப்பாக்ஸியை நடுவில் ஊற்றி, அட்டைத்துண்டால் நான்கு புறமும் பரப்புவர். பரப்பியபின் தேவையற்ற பிசினை வழித்தெடுத்தலிலேயே திறமை உளது. துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியுமளவு பிசின் போதும். பளபளவென நிற்கின் அது பயனற்ற எடை. மிகுபிசினை மெல்லிய காகிதத்தால் ஒற்றியெடுப்பாரும் உளர். இன்னும் உயர்ந்த முறையொன்று உண்டு. மெழுகிட்ட மைலார் தகட்டின்மேல் முதலில் வண்ணத்தையும், பின்னர்ப் பிசின் ஊறிய துணியையும் இட்டு, அதனை இறக்கையொடு சேர்த்து ஒரு பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிவிடுவர். மறுநாள் தகட்டை உரித்தெடுத்தால், வண்ணமும் மெருகும் ஒருங்கே இறக்கையில் ஏறியிருக்கும். எனினும் காற்றை முற்றும் உறிஞ்சினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ அழுத்தும். நாம் கணக்கிட்ட சிறிய இறக்கையின் முகத்தில் அது 2,400 கிலோவாகும். வெண்ணுரை அதனைத் தாங்காது நசுங்கிவிடும் ஆதலின், காற்றில் ஒரு பகுதியையே உறிஞ்சி நிறுத்துவர். இவ்வேலை செய்வோர் கையுறை அணிதல் இன்றியமையாதது. எப்பாக்ஸி தோலிற் பலகாற் படின் நீங்காத ஒவ்வாமை தோன்றும். உலர்ந்த கண்ணாடித் துணியைத் தேய்க்குங்கால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளல் வேண்டும். கம்பியால் நுரையை அறுக்குமிடத்தும் சன்னல்கள் திறந்திருத்தல் நன்று.

வண்ணம் பூசுதலில், நுரைக்கு மேலுள்ள உறை துளையற்றது என்ற உறுதி இல்லாதவரை நீரிற் கலக்கும் வண்ணமே நம்பத்தக்கது. தெளிப்புக் குப்பிகளிலுள்ள வண்ணம் ஊசித்துளை வழியே புகுந்து செய்யும் அழிவை முன்னரே கூறினோம். நிறத்தேர்விலும் ஒரு நியதி உண்டு. கறுப்பு, கருநீலம் முதலியன வெயிலை உண்டு கொதிக்கும்; அடியிலுள்ள காற்று விரிந்து உறை கொப்புளிக்கும், பிசினும் இளகும். வேரி-ஈஸி போன்ற பெரிய விமானங்கள் வெண்ணிறம் பூசப்பெற்றதும் இவ்வெம்மை பற்றியே. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் இவ்விதியை மீறுவோர் அதன் பயனை அன்று மாலையே காண்பர். மேற்புறம் வெண்மையும், கீழ்ப்புறம் வானிற் பளிச்செனத் தோன்றும் அடர்நிறமுமாக வைத்துக்கொண்டால், விமானம் எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதைத் தொலைவினின்றும் அறியலாம்.

உறையிட்ட இறக்கையைப் பறக்கவிடுமுன் சோதித்தல் கடமை. 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை தன் எடையைப்போல் இருமடங்கு சுமக்கின்றது. பாய்ந்திறங்கி மேலெழுங்கால் அதனினும் மிகுதியாகச் சுமக்கும். இதனை வீட்டிலேயே அளக்கலாம். இறக்கையின் இரு நுனிகளையும் இரு நாற்காலிகள்மேல் தாங்கி, நடுவில் எடையைத் தொங்கவிடல் வேண்டும். நுனியில் மட்டும் தாங்குதலால் உண்டாகும் வளைவிசை, அதே எடையைக் காற்று நீளமெங்கும் பரந்து தாங்குங்கால் உண்டாவதினும் இருமடங்காகும். எனவே ஒரு கிலோ விமானத்தின் இறக்கை நடுவில் இரண்டு கிலோவைத் தாங்கின், வானில் நான்கு மடங்கு சுமையைத் தாங்கியதாகக் கொள்ளலாம். எடையைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கால் மேற்புறத்துத் தோலை வெளிச்சத்திற்கு நேரே சாய்வாக நோக்குக. எங்கேனும் மெல்லிய சுருக்கம் தோன்றுமாயின், உறை அவ்விடத்தில் நுரையைவிட்டு அகன்றது என்பது தெளிவு. அவ்விடத்தைக் கத்தியாற் கீறிப் பசை செலுத்தி அழுத்தி ஒட்டவைத்து, உலர்ந்தபின் மீண்டும் எடையேற்றிப் பார்த்தல் வேண்டும். சுருக்கம் மறுபடியும் அவ்விடத்திலேயே எழுமாயின் அவ்வுறையை முற்றும் உரித்து வேறு உறை இடுக. அந்நிலையில் அதனை மைதானத்திற்கு எடுத்துச் செல்லற்க.